சுரையாவும் கார்த்திகையும்

நம் இல்லங்களில் பெண் குழந்தைக்குச் சுரையா என்று ஆசையோடு பெயர் சூட்டுகிறோம். அடுத்த வீட்டு இந்து அன்பர் தம் மகளைக் கார்த்திகா என்று அழைக்கிறார். இரு குழந்தைகளும் ஒரே தெருவில் கைகோத்து விளையாடுகின்றன. இரண்டு பெயர்களும் வானத்தில் ஒரே விண்மீன் கூட்டத்தைச் சுட்டுபவை என்பதை இரு வீட்டாரில் எத்தனை பேர் அறிவர்? பெயரைக் காத்துக்கொண்டோம், பெயருக்குரிய பொருளைத் தொலைத்துவிட்டோம். இக்கட்டுரை அந்த இழப்பைப் பற்றியது.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை இருக்கிறது. ஊரின் பெயர் 'அடி'. அங்குள்ள கோயிலை வழங்கும் பெயரோ 'ஆதி' அருணாசலேசுவரர் கோயில். சிறு ஒலி வேறுபாட்டில் மலையடிவாரம் ஆதித் தலமாகிவிடுகிறது. எது முந்தியது என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. பெயர்கள் எவ்வளவு எளிதாகப் பொருள் மாறி நிற்கும் என்பதற்கு இதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வோம்.

கார்த்திகைத் தீபத்தன்று மலைக்குக் கிழக்கே நகரத்தில் நிற்போர் உச்சியின் சுடரைக் காண மேற்கு நோக்குகின்றனர். எழுந்து வரும் நிலவு அவர்களுக்கு முதுகுப்புறம் இருக்கிறது. அடி அண்ணாமலையில் நிற்பவனுக்கோ மலை கிழக்கே அமைகிறது. எனவே உச்சிச் சுடரும், நிலவும், நிலவை அடுத்த கார்த்திகை மீன்களும் வானின் கீழ்ப்பாதியிலேயே அவன் கண்ணுக்குக் கிடைக்கின்றன. மாதத்தின் பெயருக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அந்த வானமே விடை.

தமிழ் மாதங்களின் பெயர்கள், பௌர்ணமி நிலவு எந்த விண்மீனை ஒட்டி நிற்கிறதோ அதனைத் தழுவி எழுந்தவை. சித்திரை, விசாகம், கார்த்திகை, மகம் ஆகிய நாள்மீன்கள் முறையே சித்திரை, வைகாசி, கார்த்திகை, மாசி மாதங்களுக்குப் பெயர் தந்தன. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் இதே உறவை விழாவாகக் காட்டுகின்றன. கார்த்திகை மாதத்தில் கதிரவன் அம்மீன்களுக்கு ஏறத்தாழ எதிரே நிற்கிறான். ஆகவே அவன் மறையும் வேளையில் அவை எழுகின்றன. முழுநிலவும் அவ்விடத்தே வருகிறது. இவ்வுறவும் எப்போதும் கச்சிதமாகப் பொருந்துவதன்று. 2024ஆம் ஆண்டில் டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றப்பட்டது. நிலவு முழுமை பெற்றதோ டிசம்பர் 15 அன்றுதான்.

அரபு மக்களும் நிலவின் வழியைத் தங்குமிடங்களாக வகுத்தனர். நிலவுக்குப் படித்தரங்கள் விதிக்கப்பட்டிருப்பதைத் திருமறையும் (36:39) கூறுகிறது. நம் நாட்டார் இருபத்தேழு நாள்மீன்களை எண்ணினர். அரபியர் இருபத்தெட்டு 'மன்ஸில்'களை எண்ணினர். வரிசையை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். அசுவினிக்கு ஷரதைன், பரணிக்குப் புதைன், கார்த்திகைக்குச் சுரையா, ரோகிணிக்குத் தபரான். 'தபரான்' என்றால் பின்தொடர்வது என்று பொருள். சுரையாவைத் தொடர்ந்து எழுவதால் அதற்கு அப்பெயர். இரு மொழிகள், ஒரே வானம்.

ஆயினும் இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் எல்லா மாதப் பெயர்களையும் விண்மீன்களோடு முடிச்சுப் போடும் எழுத்துகள் பெருகிவிட்டன. நடு அமெரிக்காவின் மாயா மக்களது மாதக் குறிகளைப் பற்றிய எழுத்துகள் இதற்குத் தக்க சான்று. அவர்களுடைய 'ஹாப்' ஆண்டு இருபது நாள் கொண்ட பதினெட்டு மாதங்களும், எஞ்சிய ஐந்து நாளும் உடையது. 'போப்' மாதத்தின் பெயருக்குப் பாய் என்பது பொருள். 'சோட்ஸ்' மாதத்தின் குறி வௌவால். கார்த்திகை மீன்களை அவர்கள் கிலுகிலுப்பைப் பாம்பின் வாலாகக் கண்டனர் என்பது உண்மை. பொனாம்பாக் சுவரோவியத்தில் முதுகில் மூன்று விண்மீன் தாங்கிய ஆமை இருப்பதும் உண்மை. ஆனால் அந்த ஆமை வானத்தில் எது? மிருகசீரிடத்தை அடுத்த வேட்டுவன் மண்டலம் என்கிறார் ஓர் அறிஞர். மிதுனம் என்கிறார் மற்றொருவர்.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. மாயா ஆண்டு சரியாக 365 நாள்; மிகுதி நாள் சேர்க்கும் வழக்கம் அதற்கு இல்லை. கதிரவன் அதே விண்மீனிடம் திரும்ப 365 நாளும் ஏறத்தாழ ஆறேகால் மணியும் ஆகின்றன. ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒரு நாளாக அம்மாதங்கள் நழுவுகின்றன. சுமார் எண்பது ஆண்டுகளில் ஒரு முழு மாதமே விலகிவிடும். அவ்வாறு நழுவும் மாதத்தின் குறியை ஒரு விண்மீனோடு நிலையாகப் பிணைப்பது எங்ஙனம்? ஆமை வானிலும் உண்டு, மாதக் குறியிலும் உண்டு என்பதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா.

இந்த அளவுகோலை நம் ஆண்டின் மீதும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. 'ரபீஉ' என்ற சொல் வசந்தத்தைக் குறிக்கும். 'ரமலான்' வெம்மையோடு தொடர்புடைய சொல். ஆனால் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள் உடையதாதலால் முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. மார்கழிக் குளிரிலும் நாம் ரமலான் நோன்பு நோற்றதுண்டு. பெயர் பருவத்தைச் சொன்னாலும் மாதத்தை உறுதிசெய்வது பிறையே. தமிழாண்டோ விண்மீனையே எல்லையாகக் கொண்டதாதலின், பெயருக்கும் மீனுக்கும் உள்ள உறவு அதில் அறாமல் நிற்கிறது.

இலக்கியத் திறனாய்விலும் இந்தக் குறை உண்டு. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர், முழுநிலவு அறுமீனைச் சேரும் இரவில் தெருவில் விளக்கேற்றும் விழாவைப் பாடுகிறார். விழாவின் தொன்மைக்கு அதனைச் சான்று காட்டுவோர் பலர். புலவர் கண்ணால் கண்டு சொன்ன வானக் காட்சி அது என்பதை எடுத்துரைப்போர் சிலரே. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் நம் மேடைகளில் உவமை நயத்துக்காகவே பேசப்படுகிறது. நிலவைத் தம் கண்ணால் பார்த்துவிட்டு அப்படலத்தை அணுகும் வாசகர் இன்று எத்தனை பேர்?

இந்தியாவைப் பற்றி 1030ஐ ஒட்டி நூல் எழுதிய அல்பிரூனி, நாள்மீன்களை விரலால் சுட்டிக் காட்டக்கூடிய ஒருவரையும் தாம் இங்குக் காணவில்லை என்று குறைப்பட்டார். அன்று பிறரை நோக்கி எழுந்த அக்குறை, ஆயிரம் ஆண்டு கழிந்தபின் இன்று நம் வாசலில் நிற்கிறது. பிறை பார்க்க மாடியேறும் வழக்கமும் அருகி, அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலமாயிற்று.

ஆதலின் வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை மாதத்து இரவொன்றில், விளக்கொளி குறைந்த இடமாகப் பார்த்து, உங்கள் வீட்டுச் சுரையாவை அழைத்துச் சென்று கிழக்கு வானத்தைக் காட்டுங்கள். அடுத்த வீட்டுக் கார்த்திகாவும் உடன் வரட்டும். அந்தச் சின்னஞ்சிறு மீன்கொத்தைத் தம் விரலால் சுட்டத் தெரிந்த குழந்தைகள், நாளை எந்தப் பாட்டின் பொருளையும் கேட்டறிந்த சொல்லோடு நிறுத்திவிட மாட்டார்கள்.