அயல்நாட்டு மாணவரும் ஊர்ப் பேச்சும்: பிரமலைக் கள்ளர் குறித்த இரு இனவரைவியல் நூல்கள்

முன்னுரை

அயல்நாட்டுக் கல்வி என்றவுடன் தமிழ்நாட்டிலிருந்து வெளியே சென்று பயின்றவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைப் பல ஆண்டுகள் மதுரைக்கு அனுப்பி வந்தது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளும் மதுரையிலேயே நடைபெற்று வந்துள்ளன. இவ்வாறு வருவோருள் ஒருசிலர் ஊர்களில் தங்கி, அங்குக் கற்றதை நூலாக்குகின்றனர். அந்நூலில் ஊராருக்குக் கிடைக்கும் இடம் என்ன? அவர்கள் தகவல் தருவோராக மட்டும் நிற்கின்றனரா, ஆசிரியராகவும் மதிக்கப்படுகின்றனரா? மதுரைக்கு மேற்கிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிரமலைக் கள்ளர் குறித்து, அரை நூற்றாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு நூல்களை ஒப்பிட்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, லூயி துய்மோன் பிரெஞ்சு மொழியில் எழுதி 1957இல் வெளியிட்டு, 1986இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட நூல். மற்றொன்று, ஆனந்த் பாண்டியன் ஆங்கிலத்தில் எழுதி 2009இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த 'குரூக்டு ஸ்டாக்ஸ்'. இத்தலைப்பு 'வளைந்த தண்டுகள்' எனத் தமிழில் பொருள்படும்.

இரு மாணவர்கள்

துய்மோன் முற்றிலும் அயலவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில் சமற்கிருதம் பயின்றவர். பின்னர்த் தமிழும் கற்று, 1949, 1950 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்தார். ஆனந்த் பாண்டியன் பாதி அயலவர். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா மதுரையில் பழக்கடை நடத்தியவர். கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கொண்ட கள ஆய்வைக் கொண்டு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2004இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்வேறுபாடு வாழ்க்கைக் குறிப்பு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. நம் பகுதியில் புதிதாக வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதே. ஊரை வகைப்படுத்த வந்த மாணவரை ஊர் முந்திக்கொண்டு வகைப்படுத்திவிடுகிறது. முழு அயலவருக்கு இக்கேள்வியிலிருந்து விலக்கு உண்டு. பாதி அயலவருக்கு இல்லை. அவர் எந்த வீட்டில் உண்கிறார், எந்தத் தெருவுக்குச் செல்கிறார் என்பதெல்லாம் உறவின் கணக்கில் சேர்கின்றன. விலக்குப் பெற்றவர் பரந்து பார்க்க முடியும். கணக்கில் சேர்க்கப்பட்டவர் நெருங்கிக் கேட்க முடியும். இரு நூல்களின் வலிமையும் குறையும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

சொல் கலைச்சொல்லாதல்

துய்மோனின் நூல் வாழிடம், வேளாண்மை, பொருள் வாழ்வு ஆகியவற்றிலிருந்து சமூக அமைப்புக்கும், அதிலிருந்து சமயத்துக்கும் செல்கிறது. மாமன், மச்சான், பங்காளி போன்ற உறவுச் சொற்கள் திருமண உறவின் ஒழுங்கைக் காட்டும் கருவிகளாகின்றன. கோயிலில் ஒருங்கே நிற்கும் தெய்வங்கள், பலி ஏற்பவை, ஏற்காதவை என்ற எதிர்நிலையில் விளக்கப்படுகின்றன. திராவிட உறவுமுறை குறித்து இன்றும் பேசுவோர் இவருடைய ஆய்வைத் தவிர்க்க இயலாது. ஒரு சிறு சமூகத்தின் வழக்குச் சொற்களிலிருந்து உலக மானிடவியலுக்கு உரிய கோட்பாட்டை உருவாக்கியது அரிய செயல்.

எனினும் அச்சொற்களைப் பேசியவர்கள் நூலில் மெல்ல மறைகின்றனர். 'மாமன்' என்பது உறவு வரைபடத்தில் ஒரு நிலையைக் குறிக்கிறது. அச்சொல்லை ஒருவர் எந்த உரிமையோடு, எந்த மனத்தாங்கலோடு சொன்னார் என்பது கோட்பாட்டுக்குத் தேவைப்படவில்லை. காலமும் இவ்வாறே பின்னுக்குச் செல்கிறது. பிரமலைக் கள்ளரைப் பல ஆண்டுகள் காவல்துறைப் பதிவேட்டில் கட்டிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது 1947இல். துய்மோன் வந்தது அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கண்டவர்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பர். ஆயினும் அவ்வரலாறு அவர் நூலின் மையத்திற்கு வரவில்லை. அமைப்பைத் தேடிய பார்வைக்கு அது புறத்தே நிகழ்ந்ததாகவே பட்டிருக்க வேண்டும்.

பேச்சு சிந்தனையாதல்

ஆனந்த் பாண்டியன் அவ்வரலாற்றையே மையமாக்குகிறார். மனிதர் வாழவேண்டிய முறையில் வாழ்வது எவ்வாறு கைகூடுகிறது என்பது அவர் எழுப்பும் வினா. காலனிய அரசு கள்ளரைத் 'திருத்த' வேளாண்மையைக் கருவியாகக் கொண்டது. நிலத்தைப் பண்படுத்துபவன் தானும் பண்படுவான் என நம்பியது. அந்நம்பிக்கை வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று என்பது நூலின் முதன்மை வாதம். உழவனை ஒழுக்கத்தின் உருவாகக் காணும் நெடிய மரபு தமிழ் இலக்கியத்திலும் சமயத்திலும் உண்டு. இரண்டும் பின்னிக் கிடக்கும் நிலையிலேயே இன்றைய மக்கள் தம் மனத்தோடு போராடுகின்றனர் என்கிறார். காவல் நிலையப் பதிவேடு, பள்ளிப் பாடம், களவுபோன தோப்பு, அணை நீர், திரைப்படம் எனச் சான்றுகள் பலதிறப்படுகின்றன.

இவ்வாதத்தின் நுட்பம் தமிழில் இன்னும் துலங்கும். திருக்குறளில் உழவு தனி அதிகாரம் பெற்றிருப்பதை நாம் அறிவோம். 'பண்படுத்துதல்' என்ற சொல் நிலத்துக்கும் மனத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. 'பண்பாடு' என்ற இக்காலச் சொல்லும் அதனோடு உறவுடையது. நிலத்தின் மொழியில் மனத்தைப் பேசும் ஊர்க்காரர், அந்நூலில் எடுத்துக்காட்டாக நிற்காமல் வாதத்தை முன்னெடுப்பவராகிறார். அறக்கோட்பாடு பேசும் தகுதி ஏட்டறிவு உடையவருக்கே உரியது என்ற எண்ணத்தை இது அசைக்கிறது. அயல்நாட்டு மாணவர் ஒருவர் ஊரிடம் உண்மையாகவே பாடம் கேட்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

இரு குறைகள்

முதற்குறை, பண்பட்ட உழவன் என்ற இலட்சியம் யாருடையது என்பது பற்றியது. அது பெரிதும் நிலமுடையோரின் இலட்சியம். கூலிக்கு நாற்று நட்ட பெண்ணும், பிறர் நிலத்தில் தலைமுறைகளாக உழைத்த தலித் தொழிலாளியும் அதே சொல்லால் தம் வாழ்வை மதிப்பிடுவரா? கன்னடம், தெலுங்கு பேசுவோரும் இராவுத்தர்களும் தலித் மக்களும் சேர்ந்து வாழும் பள்ளத்தாக்கு இது. ஒரு சாதியை மையமாக்கிய நூலில் ஏனையோர் ஓரத்தில் நிற்பது இயல்பே. ஆனால் அந்நூல் ஒரு சாதியின் வரலாற்றைக் கடந்து, தென்னிந்திய நவீனத்துவம் முழுமைக்கும் உரிய முடிவை முன்வைக்கும்போது இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இரண்டாவது, மொழி பற்றியது. கம்பம் வட்டாரப் பேச்சு ஆங்கிலத்தில் செம்மையான உரைநடையாகிறது. சிந்தனை தங்குகிறது, வழக்கின் ஓசையும் இடக்கும் போகின்றன. பேசியவர் தம் சொல்லை அந்நூலில் அடையாளம் காண முடியாது.

இரண்டாம் குறைக்கு ஆசிரியரே பின்னர் வழிகண்டார் எனலாம். பர்மாவில் வணிகம் செய்து, போர்க்காலத்தில் நடந்தே திரும்பிய தம் தாத்தா எம்.பி. மாரியப்பனின் வாழ்க்கையை அவரோடு இணைந்து நூலாக்கினார். 'மிச்சம் மீதி: ஓர் அனுபவக் கணக்கு' என அது முதலில் தமிழில் 2012இல் வந்தது, ஆங்கில நூல் 2014இல் வந்தது. கதை சொன்னவர் நூலாசிரியருள் ஒருவர் ஆனார்; சொன்னவரின் மொழியே முதல் மொழி ஆயிற்று. பரிமாற்றம் என்ற சொல்லுக்கு இது பொருத்தமான செயல். ஆனால் இவ்வுரிமை தாத்தாவுக்குக் கிடைத்தது. பள்ளத்தாக்கில் பேசிய மற்றவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது தவறன்று.

நமக்குரிய பாடம்

இவ்வொப்பீடு அயலவரை மதிப்பிடுவதோடு முடிந்தால் பயன் சிறிதே. நம் பல்கலைக்கழகங்களின் கள ஆய்வேடுகளில் தகவலாளர் பட்டியல் பின்னிணைப்பாக இடம்பெறுகிறது. பெயர், வயது, தொழில், ஊர் என்ற நான்கு கட்டங்களுக்குள் ஒரு வாழ்நாள் அறிவு அடங்கிவிடுகிறது. அவர் சொன்னது சான்றாகிறது. ஆய்வாளர் சொல்வது கருத்தாகிறது. சொந்த ஊரில் ஆய்வு செய்பவரும் இவ்வகையில் அயலவரே.

ஒரு சிறு எடுத்துக்காட்டுப் போதும். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ளது தேவதானப்பட்டி. தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயராய்வு அவ்விளக்கத்தோடு நின்றுவிடும். கொடையாகிய நிலத்தை உழுதவர் யார், விளைச்சல் யார் வீட்டுக்குச் சென்றது, கோயிலின் எந்த எல்லைவரை அவர்கள் செல்ல முடிந்தது என்பவற்றை அவ்வூர்க் கூலித் தொழிலாளரிடம் கேட்டு, அவர்தம் விளக்கத்தைக் கல்வெட்டுச் சொல்லின் விளக்கத்தோடு ஒருநிலையில் வைத்து விவாதிக்கும் ஆய்வேடு வேறொரு தரத்தினதாகும். மேலே சுட்டிய முதற்குறையை நிரப்பும் வாய்ப்பும் நம் மாணவர்க்கே மிகுதி.

முடிவுரை

துய்மோன் ஊர்ச்சொல்லிலிருந்து கோட்பாட்டை எடுத்தார். ஆனந்த் பாண்டியன் ஊர்ப்பேச்சையே கோட்பாடாகக் கேட்டார். முன்னவரிடம் விரிவும் பின்னவரிடம் செவியும் கற்கத்தக்கவை. நிலமற்றோரின் அறச்சொல்லாடல் இருவர் நூலிலும் மையமாகவில்லை. அதனைப் பதிவு செய்ய முன்வருவோர் ஆய்வேட்டின் ஒரு படியை அவ்வூர் நூலகத்தில் வைப்பதையும், கருத்துரைத்தவர் பெயரைப் பின்னிணைப்பிலிருந்து உள்ளுரைக்குக் கொண்டுவருவதையும் வழக்கமாக்கலாம். இவ்விரண்டுக்கும் நெறியாளரின் ஒப்புதல் போதும். புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.