கோலா தெர்லா மாட்டுக் கொட்டகைக்கு ஏற்ற மறைக்காணி எது?

மாட்டுக் கொட்டகைக்கு மறைக்காணி வாங்க எண்ணுபவர், அது எத்தனை மெகாபிக்சல் படம் தரும் என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்தக் காற்றில், எந்த ஈரத்தில், எந்த இருளில் அது இரவெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கப் போகிறது என்பதை நிதானமாக யோசித்துப் பார்ப்பது உத்தமம். கடையின் வெளிச்சத்தில் எல்லாக் கருவிகளும் ஒன்றுபோலவே பிரகாசிக்கின்றன. பனி இறங்கிய பின்னிரவில்தான் அவற்றின் தராதரம் தனித்தனியே வெளிப்படுகிறது. மலேசியாவின் கேமரன் மலையில், திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில், தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்களும் மாறி மாறி வரும் கோலா தெர்லாவில், நண்பர் ஒருவரின் கொட்டகையில் மூன்று விதமான அமைப்புகளை மாட்டி இயக்கிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, கேமரன் மலையில் கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு இரண்டொரு மாடு கட்டி வளர்ப்பதைத் தங்கள் ஜீவனத்தின் ஒரு பகுதியாகவே கருதி வந்திருக்கின்றன. பால் வீட்டுக்கும் அண்டை அயலுக்கும் ஆயிற்று. சாணம் காய்கறிப் பாத்திக்கு ஆயிற்று. மாடு சினைப்பட்டு ஏறக்குறைய 280 நாட்கள் கழிந்து ஈற்று நெருங்கும்போது, வீட்டில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொட்டகையிலேயே இரவைக் கழிப்பது வழக்கம். பகலெல்லாம் மலைச்சரிவில் நின்று உழைத்த உடம்புக்கு, பதினைந்து பாகை செல்சியஸ் குளிரில் கண்விழிப்பது எத்தகைய சிரமம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தச் சிரமத்தை ஓரளவேனும் குறைக்க வல்லதாயின், இந்தக் கருவிக்குச் செலவிடும் பணம் வீண் செலவாகாது.

கருவியிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்பதை நண்பரின் தாயார் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "தம்பி, மாட்டு மூஞ்சி அழகா தெரியணும்னு எனக்கு இல்லப்பா. வாலைத் தூக்கிட்டு நிக்குதா, படுத்துப் படுத்து எழும்புதா, பன்னீர்க்குடம் தெரியுதா, அவ்வளவு தெரிஞ்சா போதும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பரீட்சையின் முழு அளவுகோலும் அடங்கியிருந்தது. பன்னீர்க்குடம் உடைந்து மாடு முக்கத் தொடங்கிய பின், ஒரு மணி நேரமாகியும் கன்றின் முன்னங்கால்களும் மூக்கும் வெளிப்பட்டு முன்னேறவில்லையானால், கால்நடை மருத்துவரை அழைப்பதற்குத் தாமதிக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் எப்போது ஆரம்பித்தது என்பதை நிச்சயமாகத் தெரிவிப்பதுதான் மறைக்காணியின் பிரதான கடமை. திருட்டைத் தடுப்பதும் தெருநாய்களைக் காட்டுவதும் அதற்கு அடுத்தபடியானவை.

முதலில் மாட்டியது வைஃபை மூலம் இயங்கும் சிறு மறைக்காணி. டாப்போ, எஸ்விஸ் முதலான பெயர்களில் சில நூறு வெள்ளிக்குள் கிடைப்பது இந்த இனம். வீட்டிலுள்ள இணையப் பெட்டியோடு இணைத்து, கைப்பேசியில் செயலியை இறக்கி, சில நிமிஷங்களில் படத்தைப் பார்த்துவிடலாம் என்பது இதன் பெருஞ்சௌகரியம். ஆனால் இவை பெரும்பாலும் நம்பியிருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, தகரச் சுவரையும் தகரக் கூரையையும் ஊடுருவிச் செல்லச் சக்தியற்றது. கொட்டகையின் வீட்டுப்பக்க மூலையில் தெளிவாக வந்த படம், உட்புறக் கட்டுத்தறிக்கு மாற்றியவுடன் தயங்கித் தயங்கி நின்றது. இது எந்த நிறுவனத்தின் குறையுமன்று. உலோகத்துக்கும் மின்காந்த அலைக்கும் உள்ள சுபாவமே அப்படி. டாப்போ சி320டபிள்யூஎஸ் போன்ற சிலவற்றில் வைஃபையோடு இணையக் கம்பியைச் செருகும் வாயும் இருப்பதால், இந்த இனத்தில் ஒன்றை வாங்க விரும்புபவர் அவ்வகையைத் தேடி வாங்கினால், பின்னாளில் கம்பி இழுத்துக்கொள்ள வழி இருக்கும்.

இரண்டாவது, சூரிய ஒளித் தகடும் மின்கலமும் கொண்டு, சிம் அட்டையின் வழியே 4ஜி வலையில் பேசும் மறைக்காணி. ரியோலிங்க் நிறுவனத்தின் கோ வரிசை இதற்கு நல்ல உதாரணம். மின்சாரமும் இணையமும் எட்டாத மேய்ச்சல் நிலத்துக் கொட்டகைக்கு இதைவிட்டால் வேறு மார்க்கமில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டபடியால், பழைய கையிருப்பாக மலிவு விலையில் விற்கப்படும் 3ஜி கருவிகள் இங்கே வெறும் பொம்மைகளே. இந்த இனத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக இவை இயல்பாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. உஷ்ணமுள்ள உடல் ஒன்று முன்னால் நகர்வதை உணர்ந்தால் மட்டுமே விழித்துச் சிறிது நேரம் பதிவு செய்து, மறுபடியும் தூங்கிவிடுகின்றன. வீட்டு வாசலில் திருடனைப் பிடிப்பதற்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. கொட்டகையிலோ, உஷ்ணமுள்ள உடல்கள் எந்நேரமும் முன்னாலேயே நிற்கின்றன. பக்கத்து மாடு வாலை வீசும்போதெல்லாம் கருவி விழித்து மின்கலத்தைத் தீர்த்துக்கொள்கிறது. ஈனப்போகும் மாடு ஓரமாகப் படுத்து அதிகம் நகராமல் முக்கும் வேளையில் அது தூங்கிவிடவும் கூடும். தொடர்ந்து நேரலையில் பார்ப்பதென்றால், விநாடிக்கு ஒரு மெகாபிட் என்ற சொற்ப அளவிலேயே மணிக்கு 0.45 கிகாபைட், எட்டு மணி நேர இரவுக்கு 3.6 கிகாபைட் தரவு செலவாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாட்கள் முகில் விலகாத இம்மலையில், சூரியத் தகடு அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மூன்றாவது, ஒவ்வொரு மறைக்காணிக்கும் தனிக் கம்பி இழுத்து, அந்த ஒரே கம்பியின் வழியே மின்சாரத்தையும் படத்தையும் கொண்டுசெல்லும் அமைப்பு. பிஓஇ என்று கடைக்காரர்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஹிக்விஷன், தாஹுவா முதலிய பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. வீட்டில் ஒரு பதிவுப் பெட்டி இருக்கும்; கம்பி 100 மீட்டருக்கு மேல் போகலாகாது. பெட்டியும் கம்பியும் கூலியும் சேர்ந்து ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். ஆயினும் மாட்டிய நாளிலிருந்து இரவும் பகலும் இடைவிடாமல் ஓடியதும், இணையம் அறுந்த வேளைகளிலும் பதிவை நிறுத்தாததும் இது ஒன்றுதான்.

இனி, எல்லா இனங்களுக்கும் பொதுவானதும், இந்த ஊரில் தலையாயதுமான பனியின் விஷயத்துக்கு வருகிறேன். இரவில் மறைக்காணி பார்ப்பது, அதன் முகப்பைச் சுற்றிப் பதித்த சிறு விளக்குகள் வீசும் அகச்சிவப்பு ஒளியின் துணையால். பனி இல்லாத இரவில் இது அற்புதமாக வேலை செய்கிறது. ஆனால் சரிவின் கீழிருந்து மூட்டம் எழுந்து கொட்டகைக்குள் புகும்போது, கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படும் ஒளி, காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து, படம் முழுவதையும் வெள்ளைத் திரையாக்கிவிடுகிறது. சிம்பாங் பூலாய் சாலையில் பனிக்குள் உயர்விளக்கைப் போட்டு ஓட்டிப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். போதாக்குறைக்கு, வெதுவெதுப்பான அந்த முகப்பைத் தேடிச் சிலந்தி வந்து வலை பின்னுகிறது. ஒளிக்கு மிக அருகிலிருக்கும் ஒற்றை இழைகூடப் படத்தில் தடித்த வெள்ளைக் கயிறாகக் குறுக்கே அசைகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. மறைக்காணியின் சொந்த அகச்சிவப்பு விளக்கைச் செயலியில் அணைத்துவிட்டு, தனியாக விற்கும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றை அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டிலிருந்து மாட்டின்மேல் விழும்படி பொருத்தினோம். பனி அதே பனிதான். ஆயினும் மாட்டின் முதுகும், எழும்பிய வாலும், கீழே பரப்பிய வைக்கோலும் படத்தில் பிரிந்து தெரிந்தன. இந்தச் சிறு விளக்குக்குக் கொடுத்த பணம், நான்கு மெகாபிக்சலிலிருந்து எட்டு மெகாபிக்சலுக்குப் போவதற்குக் கொடுக்கும் பணத்தைவிட எத்தனையோ மடங்கு பிரயோஜனமானது என்பது என் திடமான அபிப்பிராயம். அரைக்கோளக் கண்ணாடி மூடிய வகையை இங்கே யாரும் வாங்க வேண்டாம். மூடியின் உட்புறத்தில் ஈரம் படிந்துவிட்டால் துடைக்க வழியில்லை. மூடியில்லாமல், உருண்டை விழிபோல் திருப்பக்கூடிய டரெட் என்னும் வகையே உகந்தது.

இரண்டாவது பகை, கொட்டகையின் உள்ளேயே உற்பத்தியாகிறது. குளிருக்குப் பயந்து மாலையில் தார்ப்பாயை இறக்கிவிடுவதால், கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா வெளியேறாமல் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. நாங்கள் வேண்டுமென்றே மூடாமல் தொங்கவிட்ட ஓர் இணைப்பைச் சில வாரங்கள் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது, எட்டுத் தொடுமுனைகளில் பாதிக்கு மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பெட்டியின்மேல் ஐபி66 என்று அச்சிட்டிருப்பது தூசியையும் பீய்ச்சும் நீரையும் கருவியின் உடல் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம். வாயுவுக்கு அது உத்தரவாதமன்று. கருவியின் பின்னால் வால்போல் தொங்கும் கம்பிமுனையை அதற்குரிய மூடியால் இறுக்காவிட்டால் நீருக்குக்கூட உத்தரவாதமன்று. ஆகவே இணைப்புகள் அனைத்தையும் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, தொடுமுனைகளில் சிலிக்கோன் மசகு தடவி, கம்பியை எலி கடிக்காமல் பிவிசி குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும். தார்ப்பாயின் மேற்புறத்தில் ஒரு சாண் இடைவெளி விடுவது கருவிக்கும் நல்லது, மாட்டின் சுவாசத்துக்கும் நல்லது.

மாட்டும் இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் மாடு உரசும், நக்கும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சிறு கொட்டகை முழுவதையும் ஒரு மூலையிலிருந்து காட்டும். மாட்டின் பின்புறம் தெரியும்படி திருப்பி வைப்பது அவசியம். முகத்தைப் பார்த்து வைத்த மறைக்காணி ஈற்றைப் பொறுத்தவரை உபயோகமற்றது.

மின்சாரத்தைப் பற்றியும் இடியைப் பற்றியும் அலட்சியம் கூடாது. சிறு நீர்மின் நிலையம் இயங்கிவந்த ஊராயினும், பெருமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது இங்கே அபூர்வமன்று. பதிவுப் பெட்டிக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். மின்னல் மிகுந்த நாடு மலேசியா. வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே திறந்த வெளியில் ஓடும் செம்புக் கம்பி, அருகில் இடி விழுந்தால் அதன் மின்னெழுச்சியைப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும். இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பானும் முறையான நிலத்தொடர்பும் இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியை வாங்கலாகாது.

பதிவின் கணக்கு இது: விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு மறைக்காணி நாளொன்றுக்கு 43.2 கிகாபைட் எடுக்கும். இரண்டு மறைக்காணிகளுக்கு 2 டெராபைட் வட்டு ஏறக்குறைய 23 நாட்கள் தாங்கும். அதற்கு மேல் தேவையில்லை.

கடைசியாக, கருவியைவிட மனிதரைப் பற்றியது ஒன்று. லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. கொட்டகைக்கென்று வைத்த கண், அடுத்த வீட்டின் குளியலறை வாசலையோ பெண்கள் துணி உலர்த்தும் முற்றத்தையோ பார்த்துக்கொண்டிருப்பது பெரும் அநீதி. அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி ஏறக்குறைய எல்லாப் பதிவுப் பெட்டிகளிலும் உண்டு. அதைப் பயன்படுத்திவிட்டு, அண்டை வீட்டாரை அழைத்துக் கைப்பேசியில் படத்தைக் காட்டிவிடுவது மரியாதை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றுவதும் இதைச் சேர்ந்த கடமைதான். 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் எண்ணற்ற மறைக்காணிகளைக் கைப்பற்றியது.

என் தீர்ப்பு இது. வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள் உள்ள கொட்டகைக்கு, நான்கு மெகாபிக்சல் டரெட் வகையில் இரண்டு, கம்பி வழி மின்சாரம், வீட்டுக்குள் பதிவுப் பெட்டி, தள்ளி வைத்த தனி அகச்சிவப்பு விளக்கு ஆகியவை போதும். கையில் பணம் குறைவாயின், கம்பி செருகும் வாயுள்ள வைஃபை மறைக்காணி ஒன்றோடு அந்தத் தனி விளக்கையும் வாங்குங்கள். விளக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். 4ஜி வகையை, மின்சாரம் எட்டாத இடத்துக்கு மட்டும், ஈற்றைக் கண்காணிப்பதற்கல்லாமல் ஆள் நடமாட்டத்தை அறிவதற்காக வைத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ஈற்றுக்கு ஒரு மாதம் முன்னதாகவே மாட்டி, பனி மூடிய ஓர் இரவில் படத்தைச் சோதித்துப் பாருங்கள். கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் வீட்டிலுள்ள அனைவரின் கைப்பேசியிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.