ரத்தம் சொல்வது பாதிதான்

கணையப் புற்றுநோய்க்கென உருவான ஜிவி1001 என்ற சிகிச்சைத் தடுப்பூசி ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. டெலோமரேஸ் நொதியிலிருந்து எடுத்த, 16 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு அது. 2006இல் வெளியான ஆய்வில், சோதித்துப் பார்க்க முடிந்த 38 நோயாளிகளில் 24 பேரிடம் அந்தப் பெப்டைடுக்கு எதிராக டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவின் எதிர்வினை தென்பட்டது. எதிர்வினை தென்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் உயிரோடிருந்தார்கள். அடுத்து பிரிட்டனில் 1,062 நோயாளிகளைச் சேர்த்துப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. 2014இல் வந்த முடிவு ஏமாற்றம்தான். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதம், கீமோவுடன் ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.4, கீமோவுக்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 6.9. ஊசியால் ஆயுள் கூடியதாகச் சொல்ல வழியில்லை.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் உள்ள நடைமுறைதான் இங்கே கேள்விக்குரியது. புற்றுநோயாளியின் ரத்தத்தில் உதவி டி செல்களின் எதிர்வினையை அளந்து, அதைக் கொண்டே சிகிச்சையின் தகுதியை எடைபோடுகிறார்கள். இந்த அளவீடு வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எதைக் காட்ட வல்லதோ அதற்கு மேல் அதனிடம் கேட்டுவிடுகிறோம்.

உதவி டி செல்களுக்கு, அதாவது சிடி4 செல்களுக்கு, இவ்வளவு மதிப்பு ஏன்? புற்றுச் செல்லை நேரடியாகத் தாக்குபவை பெரும்பாலும் சிடி8 எனப்படும் கொல்லி டி செல்கள். 1991இல் தியெரி பூனின் குழு பெல்ஜியத்தில், கொல்லி செல்கள் இனம்காணும் புற்று அடையாளத்தைத் தரும் மேஜ் மரபணுவைக் கண்டறிந்ததிலிருந்து ஆய்வுலகின் பார்வை கொல்லிகள் மீதே இருந்தது. அவற்றுக்கான குட்டிப் பெப்டைடுகளை ஊசியில் ஏற்றினார்கள். பலன் சொற்பம். 2004இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ரோசன்பர்க் தம் குழு தடுப்பூசி கொடுத்த 440 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்: கட்டி சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்குத்தான். அதற்கு முன்பே, 1998இல், மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் ஒரு விளக்கத்தை நிறுவியிருந்தன. டி செல்களுக்குப் பெப்டைடைக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லை, உதவி செல் சிடி40 என்ற ஏற்பியின் வழியாகத் தூண்டுகிறது. அப்படித் தூண்டப்பட்ட டென்ட்ரிடிக் செல்தான் கொல்லி செல்லை முழு வலுவோடு களமிறக்குகிறது. உதவியில்லாமல் உருவாகும் கொல்லிகளுக்கு நினைவாற்றலும் குறைவு, நீடித்து நிற்கும் திறனும் குறைவு. ஆகவே உதவி செல்லை எழுப்பும் பெப்டைடுகள் ஊசிகளில் இடம்பெற்றன. அவை எழுந்தனவா என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று.

பார்க்கும் முறை எளிது. ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளணுக்களைப் பிரித்து அவற்றோடு பெப்டைடைச் சேர்க்கிறார்கள். இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் ஒவ்வொரு செல்லும் எலிஸ்பாட் எனப்படும் சோதனைத் தட்டில் ஒரு புள்ளியாகப் பதிகிறது. புள்ளிகளை எண்ணினால் எதிர்வினையின் அளவு கிடைத்துவிடும்.

இதன் முதல் பலம், தோல்வியை விரைவாகக் காட்டிக்கொடுப்பது. எழுப்ப வேண்டிய செல்லையே ஒரு ஊசி எழுப்பவில்லை என்றால் ஆயிரம் பேரிடம் அதைச் சோதிக்கத் தேவையில்லை. ஆரம்ப நிலை நோயில் இந்த அளவீடு நோயின் போக்கோடு ஒத்துப்போனதும் உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் குழு, எச்.பி.வி.16 வைரஸின் நீண்ட பெப்டைடுகளைக் கொண்ட ஊசியைப் பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களுக்குக் கொடுத்தது. 2009இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் 19 பேரில் 15 பேருக்குப் புண் குறைந்தது. ஒன்பது பேருக்கு முழுவதும் மறைந்தது. மூன்றே மாதத்தில் முழுப் பலன் கண்டவர்களிடம் சிடி4 எதிர்வினை மற்றவர்களைவிடத் தெளிவாக வலுத்திருந்தது.

இரண்டாவது பலம், எதிர்பாராததைக் காட்டுவது. பாஸ்டனில் ஆறு மெலனோமா நோயாளிகளுக்கு அவரவர் கட்டியின் மரபணு மாற்றங்களை வைத்தே ஊசி தயாரித்தார்கள். பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்தது கொல்லி செல்களை மனத்தில் கொண்டு. 2017இல் வந்த அளவீடோ வேறு விதமாக இருந்தது: ஊசியில் இருந்த மாற்றங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குச் சிடி4 எதிர்வினை, 16 சதவீதத்துக்குத்தான் சிடி8 எதிர்வினை. ரத்தத்தை எடுத்துப் பார்த்திராவிட்டால் இந்தச் சாய்வு யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவதும் சிறந்ததுமான பலம், தேர்வுக் கருவியாக இருப்பது. 2014இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், பித்தநாளப் புற்றுநோய் பரவிய ஒரு நோயாளியின் கட்டியில் 26 மரபணு மாற்றங்களைக் கண்டது. அவற்றில் ஒன்றை மட்டும் அடையாளம் காணும் சிடி4 செல்களைச் சோதனையில் கண்டுபிடித்து, வளர்த்து, உடலில் செலுத்தியது. முதல் முறை செலுத்திய செல்களில் கால் பங்குதான் அந்த வகை. நோய் பல மாதங்கள் அடங்கியிருந்து மறுபடி வளர்ந்தது. இரண்டாம் முறை 95 சதவீதத்துக்கும் மேல் அந்த வகையாகவே இருக்கச் செய்தார்கள்; கட்டிகள் சுருங்கத் தொடங்கின. எந்தச் செல் வேண்டும் என்ற கேள்விக்கு அளவீடு நேரடியாகப் பதில் தந்த இடம் இது.

குறைகளில் முதன்மையானது, எதிர்வினை காட்டியவர்களையும் காட்டாதவர்களையும் பிரித்து ஆயுளை ஒப்பிடும் வழக்கம். உடல் தளராத, நோய் இன்னும் மெதுவாக இருக்கிற நோயாளிக்குத்தான் டி செல்கள் நன்றாக எழும். அவருக்கு ஊசி இல்லாமலேயே கூடுதல் நாட்கள் இருந்திருக்கும். அதோடு, எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுக்கும் வரை உயிரோடிருந்தவரே எதிர்வினையாளர் பட்டியலில் ஏற முடியும். நோயின் வேகத்தைக் காட்டும் குறியை ஊசியின் பலனாக வாசித்துவிடுகிறோம். ஜிவி1001 கதையில் இந்தப் பிழைக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, ரத்தத்துக்கும் கட்டிக்கும் இடையிலுள்ள தூரம். உதவி செல்கள் பெப்டைடைப் பார்ப்பது இரண்டாம் வகை எச்.எல்.ஏ. மூலக்கூறின் மேல். பெரும்பாலான கட்டிச் செல்களில் அது இயல்பாக இருப்பதில்லை. தட்டில் நாம் ஊற்றிய பெப்டைடுக்குச் செல் பதிலளித்தது என்பதால், நோயாளியின் கட்டியைச் சுற்றிலும் அதே பெப்டைடு அதற்குக் காட்டப்படுகிறது என்றாகாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பதை வைத்து வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது அல்லவா? மேஜ்-ஏ3 புரதத் தடுப்பூசி இதற்குச் சான்று. சிடி4 எதிர்வினையையும் எதிர்ப்பொருளையும் அது நன்றாகவே தூண்டியது. அறுவைசிகிச்சை முடிந்த 2,272 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது நோய் திரும்புவதை அது தள்ளிப்போடவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை தெரிகிறது, குணம் தெரிவதில்லை. சிடி4 என்ற ஒரே அடையாளத்தின் கீழ்தான் கொல்லிக்குத் துணை நிற்கும் செல்லும் வருகிறது, எதிர்ப்பையே அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்லும் வருகிறது. பின்னதை அடையாளம் காட்டிய சிமோன் சகாகுச்சி, 2025இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூலகப் புற்றுக் கட்டிகளில் இத்தகைய செல்கள் மிகுந்தால் ஆயுள் குறைகிறது என்று 2004இலேயே ஓர் ஆய்வு காட்டியது. இன்டர்ஃபெரான் புள்ளிகளை மட்டும் எண்ணுபவருக்கு இந்த அடக்குமுறை கண்ணில் படாது. உதவியைக் கூட்டினால் கொல்லிகளும் தாமாகக் கூடிவிடும் என்ற கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை. 2011இல் வெளியான மெலனோமா ஆய்வொன்றில், கொல்லிகளுக்கான பெப்டைடுகளோடு ஆறு மெலனோமா உதவிப் பெப்டைடுகளைச் சேர்த்தபோது சிடி8 எதிர்வினை குறைந்துபோனது.

இவற்றோடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் வரம்புகளும் உண்டு. எத்தனை புள்ளி இருந்தால் எதிர்வினை என்பதில் ஒருமை இல்லாதவரை, 60 சதவீதம் என்று ஒருவரும் 30 சதவீதம் என்று இன்னொருவரும் சொல்வதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அப்படியானால் அளவீட்டைக் கைவிடலாமா? கூடாது. முதற்கட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ‘பாதுகாப்பானது, நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது’ என்ற முடிவுரையை, அடுத்த சோதனைக்கான அனுமதிச் சீட்டாக மட்டும் வாசிக்க வேண்டும். ஊசி போட்டபின் கட்டியிலிருந்தே திசு எடுத்து, ரத்தத்தில் கண்ட அதே செல்கள் அங்கே சேர்ந்தனவா, எந்தக் குணத்தோடு சேர்ந்தன என்று பார்க்க வேண்டும். ஊசி பெற்றவர்களுக்குள்ளேயே ஒப்பிடுவதை நிறுத்தி, குலுக்கல் முறையில் ஊசி பெறாமல் விடப்பட்டவர்களோடு ஒப்பிட வேண்டும். பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்தோடு தனிநபர் எம்ஆர்என்ஏ ஊசியைச் சேர்த்து 157 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இவற்றில் கடைசி நிபந்தனைக்கு உட்பட்டது. நோய் திரும்புதல் அல்லது இறப்பின் அபாயம் 44 சதவீதம் குறைந்ததாக 2024இல் அது தெரிவித்தது. எண்ணிக்கை சிறிது என்பதால் பெரிய ஆய்வில் இது உறுதிப்பட வேண்டும். ஆனாலும் 1,062 பேரைக் கொண்டு ஜிவி1001க்குத் தீர்ப்பு வழங்கிய அதே வகை ஒப்பீட்டில் கிடைத்த எண் என்பதால், எந்தப் புள்ளிக் கணக்கையும்விட இதற்கு எடை அதிகம்.