சட்டப் பிரதியில் ஒரு மௌனம்

தீபத்துக்கு வெளிமாவட்டப் போலீஸ் வந்து இறங்கினால் எங்கள் திருவண்ணாமலை பாதி பாளையமாகிவிடும். அப்படி ஒருநாள் டீக்கடையில் நண்பர் கேட்டார்: ‘ஏன் தோழர், பட்டாளத்துக்காரன் துப்பாக்கிய போலீஸ்காரன் வச்சிக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?’ தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. ஆனாலும், சட்டமும் ஒரு பிரதிதானே என்று வாசிக்க உட்கார்ந்தேன்.

1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, கூட்டத்தைப் பலவந்தமாகக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. 130ஆம் பிரிவு ராணுவத்தை அழைப்பது பற்றியது. இந்த இரண்டாவதில்தான், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான பலம், அவ்வளவு குறைவான காயம் என்ற நிபந்தனை வருகிறது. 129இல் அந்த வரி இல்லை! பட்டாளத்துக்காரனுக்குச் சட்டமே சொல்கிற அடக்கத்தைப் போலீஸ்காரனுக்கு நிலை ஆணைகள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தடியும் பழைய மஸ்கெட்டும் வைத்திருந்த ஒரு போலீஸைக் கற்பிதம் செய்துகொண்ட பிரதி இது என்று எனக்குப் படுகிறது. ஆளை வைத்துப் பிரிக்கிறதே தவிர ஆயுதத்தை வைத்து அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இவை 148, 149 ஆகிவிட்டன. எண்தான் மாறியது.

இந்த மௌனத்துக்குள்தான் 2018 மே 22 தூத்துக்குடி நிகழ்ந்தது. 13 பேர் செத்தார்கள். வேன் கூரைமேல் சாதாரண உடையில் நின்று குறிபார்த்த காவலரை எல்லோரும் பார்த்தோம். அன்று பயன்பட்டவற்றுள் எஸ்.எல்.ஆர். உண்டு, தரைப்படைக்கென்று வந்து, இன்சாஸ் வந்தபின் அங்கிருந்து கழிந்த 7.62 மி.மீ. துப்பாக்கி அது. அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் வரம்பு மீறியதாகச் சொன்னது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. யார் சுடச் சொன்னது என்று நிறையப் பேசினோம். அந்தத் துப்பாக்கி அங்கே எப்படி வந்தது என்று பேசினோமா?

‘ஆயுதம் மத்தியப் பட்டியல், மாநிலம் என்ன செய்யும்?’ என்பார்கள். பாதி உண்மை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, கடமையில் இருக்கிற அரசு ஊழியரின் ஆயுதத்தைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஆனால் போலீஸ் மாநிலப் பட்டியல். தன் போலீஸ் எதை வாங்கலாம், எதைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று சட்டசபை சொல்வதை எது தடுக்கிறது? கலிபோர்னியாவில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. ராணுவத் தளவாடம் வாங்குமுன் போலீஸ் உள்ளூர் மன்றத்தின் ஒப்புதலைப் பொதுக்கூட்டத்தில் பெற வேண்டும், வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். நம் காவல் சீர்திருத்தச் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது; அதில் இப்படி ஒன்றை நான் காணவில்லை.

கொண்டாடவும் தயக்கம்தான். ஒப்புதல் கேட்கும் சட்டம் ஒப்புதல் வழங்கும் சடங்காகிவிடலாம். தவிர, 2015 ஏப்ரல் 7 சேஷாசலம். ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 மரம்வெட்டிகளில் பலர் எங்கள் மாவட்டத்துக்காரர்கள், ஜவ்வாதுமலைப் பக்கத்தவர்கள். அங்கே கூட்டமும் இல்லை, கலைத்தலும் இல்லை, தற்காப்பு என்றார்கள். நான் இவ்வளவு நேரம் வாசித்த பிரிவுகள் எதுவும் அந்தக் காட்டுக்குள் நுழையவே இல்லை. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.