கோப்பெருந்தேவியின் தலைவலி

பாண்டியன் நீதி தவறியதற்கு அவன் மனைவியின் ஊடலே காரணம் என்று மேடையில் சாதிக்கிறவர்கள் உண்டு. சபையும் கை தட்டும். சிலப்பதிகாரத்தை நிதானமாகப் படிக்கிறவனுக்கு அந்தக் கைதட்டல் உறுத்தும்.

கொலைக்களக் காதையில் நடப்பது என்ன? கூத்தியரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் உள்ளம் லயித்துவிடுகிறது. அதைத் தேவி கவனிக்கிறாள். ஆனால் கோபத்தைச் சொல்லவில்லை. தலை நோகிறது என்று எழுந்து போகிறாள். அரசன் மோகத்துடன் அவளைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். நின்ற நிலையிலேயே ஓர் உயிரைப் பறிக்க உத்தரவு பிறக்கிறது.

இந்தத் தலைவலியை நான் அற்பமாக நினைக்கவில்லை. சாதாரண வீட்டில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊடல் என்று ரசிப்போம். ராணிக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. சுற்றிலும் நூறு கண்கள். 'உன் பார்வை எங்கே போகிறது?' என்று கேட்க முடியாதவளுக்கு நோய் ஒன்றே கௌரவமான மொழி. அரசனுடைய ஆசைக்கோ எந்த மறைப்பும் தேவையில்லை. கூத்தியரைப் பார்த்த கண்ணோடு மனைவியிடம் போகலாம். வழியில் தீர்ப்பும் சொல்லலாம். படுக்கையறைக்குப் போகும் அவசரத்தில் செங்கோலையும் கையோடு எடுத்துப் போனவன் அவன். குற்றம் அந்த அவசரத்தினுடையது, அவளுடையது அல்ல.

பிறகு வழக்குரை காதையில் அவள் ஒரு தீக்கனவைச் சொல்ல அவனிடம் வருகிறாள். குடையும் செங்கோலும் வீழக் கண்டதாகச் சொல்கிறாள். அரசன் என்ன பதில் சொன்னான் என்று இளங்கோ எழுதவில்லை. அதற்குள் வாயிலோன் வந்துவிடுகிறான். முதலில் பொய்யை மட்டுமே சொல்ல முடிந்தவள் உண்மையைச் சொல்ல வரும்போது காலம் கடந்துவிட்டது. அடுத்து அவளுக்கு மிஞ்சியது கணவனோடு சாவது. கணவனுக்கு நெடுஞ்செழியன் என்று பெயர் உண்டு; அவளுக்குப் பட்டம்தான் உண்டு.

வஞ்சிக் காண்டத்தில் இன்னொரு அரச தம்பதி. கணவனோடு உயிர்விட்டவள், நம் நாடு வந்தவள், இவ்விருவரில் யார் உயர்ந்தவள் என்று செங்குட்டுவன் தன் தேவியைக் கேட்கிறான். பாண்டிமாதேவி சுவர்க்கம் பெறட்டும், நம் நாட்டுக்கு வந்தவளைத் தொழ வேண்டும் என்கிறாள் அவள். அந்த வார்த்தையால் இமயத்திலிருந்து கல் வருகிறது, கோயில் எழுகிறது.

கற்பை நிறுத்துப் பார்க்கும் தராசு அங்கேயும் ஆண் கையில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் வஞ்சியில் அரசன் கேட்டான், மனைவி வாய் திறந்தாள். மதுரையில் அவளுக்குத் தலை வலித்தது. மதுரை எரிந்ததற்குக் கண்ணகியின் சினம் காரணம் என்பது சரி. அந்த அரண்மனைத் தாம்பத்தியத்தில் தீ அதற்கு முன்பே பிடித்துவிட்டது என்பதையும் இளங்கோ சொல்லாமல் விடவில்லை.