இறுக்காமல் விட்ட முடிச்சு

1894 ஜூன் 24 இரவு, லியோன் நகரில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். கத்தி, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையைக் கிழித்திருந்தது. அதைத் தைத்துக் காப்பாற்ற அன்றைய மருத்துவர்களால் முடியவில்லை. நள்ளிரவு தாண்டியதும் இறந்துபோனார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கேரல் அதை மறக்கவில்லை. லெரூடியே என்ற பூவேலைக்காரப் பெண்மணியிடம் மெல்லிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். வட்டமான ரத்தக்குழாய் வாயை மூன்று தையலால் இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் அவருடைய முறை 1902-இல் வெளிவந்தது. 1912-இல் நோபல் பரிசு.

தமனி தைப்பவரெல்லாம் சிரை தைத்துவிட முடியாது. தமனிச் சுவர் தடிப்பு. வெட்டினாலும் வாய் திறந்தே நிற்கும். சிரையோ ரத்தம் வடிந்ததும் தொய்ந்துவிடும், முன்சுவர் எது பின்சுவர் எது என்று பிரித்தெடுப்பதே ஒரு வேலை. தமனி பீறிட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சிரைக் கிழிசலில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஊறி நிரம்பும், கண்ணை மறைக்கும். பதறிப்போய்க் கிளாம்பை, அதாவது குழாயைக் கவ்வும் இடுக்கியை, போட்டால் கிழிசல் இன்னும் பெரிதாகும். கைதேர்ந்தவர் விரலை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நிற்பார். அறுவை சிகிச்சைப் பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தச் சும்மா நிற்றலைத்தான்.

1963-இல் டென்வரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் செய்த முதல் கல்லீரல் மாற்று அறுவையில் குழந்தை ரத்தப்போக்கால் மேசையிலேயே இறந்தது. பிட்ஸ்பர்க் வந்த பிறகு, 1984-இல், அவருடைய குழு ஒரு முடிச்சைப் பற்றி எழுதியது. எனக்கு அதுதான் இந்தக் கலையின் உச்சம். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே போகிறது. வழுக்கும் ப்ரோலீன் நூலால் பின்சுவரை உள்ளிருந்தும் முன்சுவரை வெளியிலிருந்தும் தொடர்தையலாகத் தைத்து முடித்து, நூலை இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? சுருக்குப்பை வாய்போல இணைப்பு குறுகிவிடும். ரத்தம் தேங்கும், உறையும். அதனால் முடிச்சைச் சிரைச் சுவரில் போடாமல், நூலை நீளமாக விட்டு எட்டப் போடுகிறார்கள். பார்த்தால் அரைகுறை வேலை. கிளாம்பை எடுத்ததும் ரத்தம் பாய்கிறது, சிரை உப்புகிறது, மிச்ச நூல் துளைகள் வழியே வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. தையல் வளையம் சிரையோடு விரிந்து கொடுக்கிறது. ஓரிரு துளி கசியும். அதற்காக உடனே ஊசியைத் தூக்காதவரே நல்ல கை.

சிரையின் நீளத்திலும் இதே கணக்குத்தான். வயிற்றை அகட்டிப் பிடித்திருக்கும் கருவிகளைத் தளர்த்திப் பார்த்துத்தான் சிரையை நறுக்க வேண்டும். அகட்டிய நிலையில் சரியாக இருப்பது, கல்லீரல் கீழே அமர்ந்ததும் மடிந்துகொள்ளும்.

கல்லீரலின் பின்னால் இதயத்துக்கு ஏறும் கீழ்ப்பெருஞ்சிரையில் கலை வேறு விதம்: தொடாமல் விடுவது. நோயாளியின் சிரையை வெட்டாமல் வைத்து, புதுக் கல்லீரலை அதன்மேல் ஏற்றித் தைக்கும் ‘பிக்கிபேக்’ முறை 1989-க்குப் பிறகு பரவியது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் முழுக்க நிற்பதில்லை. கல்லீரல் கட்டி சிரையை ஒட்டியிருந்தால் பழையபடி அதையும் சேர்த்தே வெட்டி எடுக்கிறார்கள்.