புனையா ஓவியமும் கரிக்கோற் கோடும்

வண்ணந் தீட்டாது கோட்டினால் மட்டும் அமைந்த உருவத்தைப் 'புனையா ஓவியம்' எனப் பண்டைத் தமிழர் வழங்கினர். தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்திருக்கும் அரசியை நெடுநல்வாடை இவ்வோவியத்திற்கு ஒப்பிடுகின்றது. அணியற்ற மேனியையும் வண்ணமற்ற கோட்டையும் ஒருங்கு நிறுத்தும் இவ்வுவமை, ஆடையற்ற மனித உருவைக் கரிக்கோலால் விரைந்து வரையும் பயிற்சியை ஆராய்வார்க்கு நல்லதொரு வாயிலாகும்.

இப்பயிற்சியில் மாதிரியாக நிற்பவர் ஓரிரு நிமிடங்களுக்கொரு முறை நிலை மாறுவர். அச்சிறு பொழுதில் மூக்கையும் விரலையும் எழுத இயலாது. உடலின் பாரம் எக்காலில் இறங்குகின்றது, முதுகெலும்பு எப்பக்கம் வளைகின்றது, தோளும் இடுப்பும் எவ்வாறு எதிரெதிர் சாய்கின்றன என்பனவே அகப்படும். அழுத்தினாற் கருங்கோடும், படுக்கவைத்து இழுத்தால் அகன்ற நிழலும் தரும் கரிக்கோல் இவ்விரைவுக்கு ஏற்ற கருவியாகும்.

கொழும்பில் 1943 இல் தோன்றிய 'நாற்பத்துமூன்று குழு'வினருள் ஒருவரான யஸ்ரின் தெரணியகல இலண்டன் சிலேட் கல்லூரியிற் பயின்றவர். அங்கு ஆசிரியராயிருந்த ஹென்றி ரொங்ஸ், அறுவை மருத்துவத்தை விட்டு ஓவியத்திற்கு வந்தவர். உயிருள்ள உடலை நோக்கி வரைதலையே கல்வியின் அடிப்படையாக வலியுறுத்தினார். சென்னை ஓவியப் பள்ளியை 1929 முதல் 1957 வரை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959 இல் மெரினாவில் நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரின் காலும் முதுகும், பாரத்தை அறிந்த கண்ணுக்குச் சான்றாக விளங்குகின்றன.

ஆடையற்ற உடலை நோக்குதல் நம் பண்பாட்டிற்கு ஒவ்வாது என்பார் உளர். அவர்தம் ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் விரைந்தெழுதும் கைக்குக் காமுற்று நோக்க நேரமில்லை. வழுவழுப்பாக முடிக்கப்பெற்ற ஓவியத்திலேதான் இச்சைக்கு இடமுண்டு.

மாதிரி வேண்டியதில்லை, கல்குடாக் கடற்கரையிற் கரைவலை இழுப்போரை வரைந்தாற் போதும் என்பது மற்றொரு கூற்று. குதிகாலை மணலில் ஊன்றி, உடலைப் பின்சாய்த்துக் கயிறு இழுக்கும் அம்மனிதரிடத்துக் கற்க வேண்டியவை பல. ஆயினும் இடையிற் கட்டிய துணி, முதுகின் பாரம் காலுக்கு மாறும் இடுப்பையே மறைத்து விடுகின்றது. அன்றியும் ஆணுடல் ஒன்றே அங்கு பெரும்பாலும் கிடைப்பது. பெண்ணுருவைக் கோயிற் சிற்பத்தைப் பார்த்து மட்டும் கற்பவன், அழகிய வளைவைப் பெறுகின்றான். நிற்கும் பெண்ணைப் பெறுவதில்லை. தவிர, வலை இழுப்பவர் தம் பிழைப்பிற்காக உழைக்கின்றார், வரையப்படுவதற்கு இசைந்தவரல்லர். ஊதியம் பெற்றுத் தம் விருப்பத்தோடு நிற்கும் மாதிரியிடத்தே இக்குறை இல்லை.

ஆகவே இவ்வகைச் சித்திரத்தை மதிப்பிடுவோர், ஒப்புமையையும் முடிவின் செம்மையையும் தேடுதல் வீணாகும். கைவிரல் இன்றியும் உருவம் நிற்கலாம். பாரம் இன்றி நிற்றல் இயலாது. தரையில் ஊன்றி நிற்கும் உருவைப் பத்துக் கோட்டில் தருபவனே ஓவியன். நூறு கோட்டால் மேனியை மெருகிட்டும் அதனை அந்தரத்தில் மிதக்க விடுபவன், உடலை மறைக்கும் ஆடையொன்றைத் தன் கரியாலேயே நெய்தவனாவான்.